தேக்காவில் வாங்கிய மீன் ஏன் விறைப்பாக இருக்கிறது?

ஈசூன் அம்மா:
காலையில் தேக்கா ஈரச்சந்தையில் கொடுவா வாங்கினேன். வாலைப் பிடித்துத் தூக்கினால் பலகை மாதிரி நிற்கிறது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மகள், “தசை சுருங்க ஏடிபி வேணும்மா” என்கிறாள். அது செல்லுக்குச் சக்தி தரும் பொருளாம். செத்த மீனுக்கு அது ஏது?

பிடோக் ரவி:
ஐஸ்தான் காரணம்க்கா.

பழைய லேப்காரன்:
ஐஸ் இல்லை தம்பி. தசைநாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு புரத இழைகள். கால்சியம் வந்ததும் ஆக்டினை மறைத்திருக்கும் புரதம் விலகும். மயோசின் தலை ஆக்டினைப் பிடித்து இழுக்கும். இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றையொன்று உரசி வழுக்கும். 1954இல் இதைச் சொன்ன இரண்டு ஆய்வுக் குழுவிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒரு விஞ்ஞானி உண்டு, உறவுக்காரர்கள் இல்லை!

மகள் சொன்னது சரி, ஆனால் பாதிதான். இழுக்க மட்டுமல்ல, பிடித்த பிடியை விடவும் ஏடிபி வேண்டும். செத்த மீனில் அது தீர்ந்ததும் பிடி அப்படியே பூட்டிக்கொள்ளும்.

ஈசூன் அம்மா:
சரி, அப்புறம் தளர்ந்துவிடுகிறதே?

பழைய லேப்காரன்:
அது நொதிகள் புரதத்தை அரிப்பதால். குழம்பைச் சீக்கிரம் வையுங்கள்.