முதலாண்டு வகுப்பில் பின் இரண்டு வரிசைகள்

ஈரோட்டு ஆசிரியை:
வணக்கம். பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’ பாடம் நடத்துகிறேன். வகுப்பில் 58 பேர். பீகாரிலிருந்து ஒன்பது பேர், மேகாலயாவிலிருந்து ஒருவன். சேர்ந்த வாரத்திலேயே பின் இரண்டு வரிசைகள் அவர்களுக்கென்று ஆகிவிட்டன. யாரும் யாரையும் விரட்டவில்லை, தானாக நடந்தது. தொடக்கப் பயிற்சியில் மரபு உடை நாள் வைத்தோம். கூடி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதே வரிசைகள்.

போன வாரம் ஒருவன் மேகாலயா மாணவனிடம், “உங்கள் நாட்டில் என்ன பணம்?” என்று கேட்டான். கேலியில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்டான். அவன் பதில் சொல்லாமல் பத்து ரூபாய் நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். அந்த நோட்டின் பின்பக்கம் 15 மொழிகளில் தொகை எழுதியிருக்கிறது. தமிழ் உண்டு. அவனுடைய காஸி மொழி இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வகுப்பறைக்குள் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற கட்டுமானத்துறை ஆசிரியர்:
அம்மா, பாட்டையும் உடையையும் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். பொறியியல் படிக்க வந்த பிள்ளைகளிடம் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள். “உன் ஊரில் தண்ணீரை எப்படித் தேக்குகிறார்கள், எப்படித் திறந்துவிடுகிறார்கள்? கரும்பலகையில் வரைந்து காட்டு.” இவ்வளவுதான் கேள்வி.

இரண்டாம் பருவத்துத் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ பாடத்தில் சோழர் காலக் குமிழித் தூம்பு என்ற ஏரி மதகு வருகிறது. அதை இப்போதே நடத்திவிடுங்கள். ஏரிக்குள் நிற்கும் அந்தக் கல் அமைப்பில் நீர் போக ஒரு துளை, சேறு போகத் தனித் துளை. தண்ணீர் வெளியேறும்போதே வண்டலும் வெளியேறும். இதை முதலில் நீங்கள் வரையுங்கள். பிறகு சுண்ணாம்புக் கட்டியைப் பின் வரிசையில் கொடுங்கள்.

விடுதி அறை 14:
ஐயா சொல்வது நல்ல வழி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். நான் வடமாநிலத்தில் படித்தபோது வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழன். பொங்கல் முதல் ஜல்லிக்கட்டு வரை எல்லாவற்றுக்கும் என்னையே எழுப்பி நிறுத்துவார்கள். உட்கார்ந்தால் போதும் என்றிருக்கும். அந்த மேகாலயா மாணவனைத் தனியாக நிறுத்தாதீர்கள், அம்மா. நான்கு பேர் குழுவாக வரட்டும், படத்தை வேறொருவர் விளக்கட்டும். என் அறைத் தோழன் எனக்கு நெருக்கமானது, இருவரும் ஒரே கொடியில் துணி காயப்போட்ட நாள்களில்தான்.

ஈரோட்டு ஆசிரியை:
இருவருக்கும் நன்றி. நேற்று செய்து பார்த்தேன். பீகாரின் கயா பக்கத்து மாணவன் ‘ஆகர்’ என்ற நீர்த்தேக்கத்தை வரைந்தான். மூன்று பக்கம் மண்கரை, நான்காவது பக்கம் நிலத்தின் மேட்டுச் சரிவு. ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்குப் ‘பைன்’ என்று பெயராம். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் போடும் வீட்டுப் பெண் எழுந்து, “கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் உங்கள் ஊரில் யாரிடம் சண்டை போடுவீர்கள்?” என்று கேட்டாள். அரைகுறை ஆங்கிலத்தில் இருபது நிமிடம் முறைத் தண்ணீர், அதாவது முறை வைத்துத் தண்ணீர் விடுவது பற்றியே பேசினார்கள். நான் குறுக்கிடவில்லை.

மேகாலயா மாணவனின் குழு வேர்ப்பாலத்தைக் காட்டியது. ரப்பர் அத்தி மரத்தின் வேரைப் பாக்கு மரத் தண்டுக்குள் செலுத்தி ஓடையின் அக்கரைக்கு வளரவிடுகிறார்கள். ஆள் நடக்கும் அளவுக்கு அது இறுக ஆண்டுகள் பல ஆகும். எங்கள் பையன் ஒருவன் படத்தை விளக்க, மேகாலயா மாணவன் பக்கத்தில் நின்று இரண்டு இடத்தில் திருத்தினான். “எத்தனை பேர் பாரம் தாங்கும்?” என்று முன் வரிசையிலிருந்து கேள்வி வந்தது. பணத்தைப் பற்றிக் கேட்ட அதே பையன்.

வரிசைகள் இன்னும் கலையவில்லை. ஆனால் மணி அடித்த பிறகு கரும்பலகையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அடுத்த வாரம் வீடு கட்டும் முறைகளைக் கேட்கப்போகிறேன். மண்சுவர், மூங்கில், ஓடு எதுவானாலும் சரி. வேறு யோசனை இருந்தாலும் எழுதுங்கள்.