தமிழ் கீபோர்டில் கண்ட்ரோல் எஸ் வேலை செய்யவில்லை: டிகின்டர், விண்டோஸ்

சிம்மக்கல்:
கீழமாசி வீதியில ஒரு மளிகை மொத்தக் கடைக்கு பைத்தான் டிகின்டர்ல (விண்டோ, பெட்டி, பட்டன் எல்லாம் போடுற லைப்ரரி) பில்லிங் புரோகிராம் எழுதிக்கிட்டிருக்கேன். வாடிக்கையாளர் பேரு, ஊரு எல்லாம் தமிழ்லதான் அடிப்பாங்க, விண்டோஸோட வர்ற இன்ஸ்கிரிப்ட் கீபோர்டு அமைப்புல. இங்கிலீஷ்ல இருந்தா கண்ட்ரோல் எஸ் அடிச்சதும் பில் சேவ் ஆகுது. தமிழுக்கு மாத்திட்டா ஒண்ணுமே நடக்கல, எரரும் வரல. எஃப் 5 மட்டும் எப்பவும் வேலை செய்யுது. இந்தக் கீ அடிச்சா இந்த ஃபங்ஷன் ஓடணும்னு மெயின் விண்டோவுலதான் பைண்ட் பண்ணியிருக்கேன்.

மேலூர்:
விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் அடிச்சு இங்கிலீஷுக்கு மாத்திட்டு சேவ் பண்ணச் சொல்லுங்க.

சிம்மக்கல்:
கல்லாவுல கூட்டம் நிக்கிறப்ப அண்ணாச்சிகிட்ட இதைச் சொன்னா கம்ப்யூட்டரோட என்னையும் வெளிய அனுப்பிருவாரு.

ஒத்தக்கடை:
டிகின்டருக்கு அடியில ஓடுற டிகே, கீசிம்மைப் பாத்துத்தான் பைண்டிங்கைத் தேடும். கீசிம்னா அந்த நேரத்துல அந்தக் கீ தர்ற எழுத்து. இன்ஸ்கிரிப்ட்ல எஸ் கீ தர்றது ஏகாரக் குறி, அப்புறம் எஸ்ஸுக்குப் போட்ட பைண்டிங் எப்படி ஓடும்? கேப்ஸ் லாக் போட்டுப் பாருங்க, இங்கிலீஷ்லயே படுத்துரும். பெரிய எஸ் வேற கீசிம். எஃப் 5க்கு எழுத்தே கிடையாது, அதான் தப்பிச்சுது.

கண்ட்ரோல் கீபிரஸ்னு பொதுவா ஒரே பைண்டிங் போட்டு, உள்ள ஈவெண்ட்டோட கீகோடை, அதாவது அந்தக் கீயோட எண்ணைப் பாருங்க. விண்டோஸ்ல எஸ் 83, ஓ 79, பி 80. எந்த மொழியில இருந்தாலும் மாறாது. லினக்ஸ்ல எண்ணே வேற, அங்க எஸ் 39.

சிம்மக்கல்:
சேவ் ஆகுதுண்ணே, கேப்ஸ் லாக்லயும். இன்னொண்ணு: பழைய பில்லைத் திறக்க கண்ட்ரோல் ஓ வச்சிருக்கேன். இங்கிலீஷ்ல இருக்கப்ப முகவரிப் பெட்டிக்குள்ள கர்சர் நின்னா, பில்லும் திறக்குது, முகவரியில ஒரு வரியும் கூடிருது. இதோட நிறுத்துன்னு "பிரேக்" ரிட்டர்ன் பண்ணியும் கேக்கல.

ஒத்தக்கடை:
அது பல வரி அடிக்கிற டெக்ஸ்ட் விட்ஜெட்டாத்தான் இருக்கும். ஈமேக்ஸ் எடிட்டர் பாணியில அதுக்குள்ளயே சில ஷார்ட்கட் இருக்கு. கண்ட்ரோல் ஓ அடிச்சா புது வரி. ஈவெண்ட் முதல்ல விட்ஜெட்டுக்குப் போகும், அப்புறம் அதோட கிளாஸுக்கு (அந்த வகை விட்ஜெட் எல்லாத்துக்கும் பொதுவான பைண்டிங்), அதுக்கப்புறம்தான் விண்டோவுக்கு. நீங்க விண்டோவுல பிரேக் சொல்றதுக்குள்ள கிளாஸ் வேலையை முடிச்சிருச்சு. அதே ஃபங்ஷனை அந்தப் பெட்டிமேலயே பைண்ட் பண்ணி, அங்க பிரேக் ரிட்டர்ன் பண்ணுங்க. 79, 83 மாதிரி உங்க ஃபங்ஷன் கையாளுற எண் வந்தா மட்டும். எல்லாத்துக்கும் பண்ணீங்கன்னா கண்ட்ரோல் வி-யும் போயிரும்.

சிம்மக்கல்:
தமிழ்ல இருக்கப்ப பேஸ்ட்டும் வரல, இப்பத்தான் பாத்தேன்.

ஒத்தக்கடை:
அதே காரணந்தான். பெட்டி பைண்டிங்லயே 86 (வி கீ) வந்தா டிகேவுக்குள்ளயே இருக்கிற பேஸ்ட் விர்ச்சுவல் ஈவெண்ட்டைக் கிளப்பி பிரேக் ரிட்டர்ன் பண்ணுங்க. பிரேக்கை விட்டுட்டா இங்கிலீஷ்ல ரெண்டு தடவை ஒட்டும்.