ரிலீஃப் பிட்சராக இருந்தவர் நல்ல பிட்சிங் கோச் ஆக முடியுமா? (டேவ் ரிகெட்டி)

கேள்வி:
ஆறு மாதமாகத்தான் பேஸ்பால் பார்க்கிறேன். ஸ்டார்ட்டராக இறங்கும் பிட்சர் (பந்து வீசுபவர்) முதல் பந்திலிருந்து ஆறேழு இன்னிங்ஸ் போடுகிறார். ரிலீஃப் பிட்சர் கடைசியில் வந்து ஒரு இன்னிங்ஸ் போட்டுவிட்டுப் போகிறார். அப்படிப்பட்டவர் ஸ்டார்ட்டர்களுக்கு என்ன சொல்லித்தர முடியும்? சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸில் டேவ் ரிகெட்டி 2000 முதல் 2017 வரை பிட்சிங் கோச்சாக இருந்தாராமே, எப்படி?

பதில் 1:
நான் இருப்பது சான் ஹோசே, ரிகெட்டி பிறந்த ஊர். அவரைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசைதான்.

அவர் ஸ்டார்ட்டராகத்தான் தொடங்கினார். 1983 ஜூலை 4, யாங்கி ஸ்டேடியம், நியூயார்க் யாங்கீஸ் அணிக்காக. பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஒன்பது இன்னிங்ஸையும் தானே முடித்தார், அதுதான் நோ-ஹிட்டர். கடைசியாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவர் வேட் பாக்ஸ், அந்த வருடம் அமெரிக்கன் லீகில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர். ஆனால் அடுத்த சீசனிலேயே ரிகெட்டியை புல்பென்னுக்கு (ரிலீஃப் பிட்சர்கள் காத்திருந்து கையைச் சூடாக்கும் இடம்) மாற்றிவிட்டார்கள், அணியை விட்டுப் போன ரிலீஃப் பிட்சர் கூஸ் காசேஜின் இடத்தை நிரப்ப. 1986இல் 46 சேவ் (முன்னிலையை விடாமல் ஆட்டத்தை முடித்துக் கொடுப்பது) எடுத்தார், அப்போதைய சாதனை. கடைசி இரண்டும் பாஸ்டனில் ஒரே நாளில் நடந்த இரண்டு ஆட்டங்களில் வந்தவை.

அந்த இடமாற்றம் எவ்வளவு கஷ்டம் என்று எனக்குப் புரிந்தது ஜயன்ட்ஸ் மைதானத்தில். அப்போது புல்பென் ஃபவுல் கோட்டை ஒட்டிய வெறும் மண்மேடு. பக்கத்தில் உட்கார்ந்தால் கேட்சர் கிளவுஸில் பந்து விழும் சத்தம் காதில் அறையும். போன் அடிக்கும், ஒருவர் எழுந்து சில நிமிடத்தில் கையைச் சூடாக்குவார். அப்புறம் 'வேண்டாம், உட்கார்' என்று வரும். அந்தப் பந்துகள் ஸ்கோர்போர்டில் ஏறாது, தோளில் ஏறும்.

2012இல் ஜயன்ட்ஸ் ஸ்டார்ட்டர் டிம் லின்சிகம் அதே நிலைக்கு வந்தார். 2008, 2009 இரண்டு வருடமும் லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர், அந்த சீசனில் 10 வெற்றி, 15 தோல்வி. பிளேஆஃபில் புல்பென்னுக்குப் போனார். இறுதிச் சுற்றான உலகத் தொடரில் டெட்ராய்ட்டுக்கு எதிராக இரண்டு முறை இடையில் வந்து ஒரு ரன்கூட விடவில்லை. நோ-ஹிட்டர் போட்டுவிட்டு புல்பென்னில் போய் உட்கார்வது எப்படியிருக்கும் என்று அறிந்த கோச் கூட இருந்தார். அந்த அனுபவம் வேறு எத்தனை கோச்சுகளுக்கு இருந்திருக்கும்?

பதில் 2:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாராட்டைப் பிரித்துக் கொடுங்கள். மேனேஜர் புரூஸ் போச்சி பழைய கேட்சர், புல்பென் கோச் மார்க் கார்ட்னரும் முன்னாள் பிட்சர். எனக்கு ரிகெட்டியிடம் பிடித்தது வேறு. லின்சிகமுக்கு உடம்பை முறுக்கி வீசும் விதத்தைக் கற்றுக்கொடுத்தது லின்சிகமின் அப்பா. ரிகெட்டியும் சேர்த்து ஜயன்ட்ஸில் யாரும் அதில் கை வைக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
ஸ்டார்ட்டர்களுக்கு அவரால் பலன் இருந்ததா?

பதில் 1:
அவர் காலத்தில் ஜயன்ட்ஸுக்கு ஐந்து நோ-ஹிட்டர். சான்செஸ் 2009, கெய்ன் 2012, லின்சிகம் 2013, 2014, ஹெஸ்டன் 2015. கெய்னுடையது பர்ஃபெக்ட் கேம் (ஒரு பேட்டர்கூட பேஸ் ஏறாத ஆட்டம்): 125 பந்து, 14 ஸ்ட்ரைக் அவுட். முதலில் அதைப் பாருங்கள்.