எஸ்டீமுக்குக் கேம் மாற்றினால் பழைய வால்வு ஸ்பிரிங் தாங்குமா?

கோவை எஸ்டீம்காரன்:
வணக்கம். என்னுடையது 2001 மாருதி எஸ்டீம் கார், 1298 சிசி, 16 வால்வு. 1,40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. செட்டிப்பாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் ஓட்டுவதற்காக, வால்வுகள் இருக்கும் எஞ்சின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி வைத்திருக்கிறேன். ரீகிரைண்ட் செய்த (சாணை பிடித்து வடிவம் மாற்றிய) கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் தண்டு, ஒன்று கைக்கு வந்திருக்கிறது. வால்வில் 9.2 மி.மீ. லிஃப்ட் (வால்வு திறக்கும் தூரம்) வருமாம். பழைய கேமில் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், 8 மி.மீ. வந்தது. கொடுத்தவர், "ஸ்டாக் ஸ்பிரிங்கே போதும், எத்தனையோ பேருக்குப் போட்டாச்சு" என்கிறார். 7000 ஆர்பிஎம் வரை சுற்ற ஆசை. ஸ்பிரிங்கை மாற்றணுமா, இல்லை அடியில் ஷிம் (மெல்லிய வாஷர்) வைத்தால் போதுமா?

நைட் டிரைவ்:
போடுங்க ப்ரோ, ஒண்ணும் ஆகாது. நான் போட்டு எட்டு மாசம் ஆச்சு.

ஹெட் பட்டறை மணி:
தம்பி, எட்டு மாதம் ரோட்டில் ஓடியது ட்ராக்குக்குக் கணக்கில் வராது. இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது, ஸ்பிரிங்குக்கு இடம் இருக்கிறதா என்பது. வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் எவ்வளவு என்று பாருங்கள். வைஸில் வைத்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும் வரை இறுக்கி, அந்த உயரத்தையும் வெர்னியரில் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் 9.2-ஐக் கழியுங்கள். மீதி 1 மி.மீ.க்குக் குறைந்தால் நான் எஞ்சினை மூட மாட்டேன். ஸ்பிரிங்கின் மேல் தொப்பியான ரெட்டைனர் இறங்கி வந்து வால்வு சீலில் இடிக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். ஷிம் வைத்தால் அழுத்தம் ஏறும், ஆனால் இந்த இடத்தைத்தான் அது தின்னும்.

என் கதையைக் கேளுங்கள். பல வருடம் முன்பு ஒரு மாருதி 800-க்கு இதே வேலையைச் செய்தேன். அழுத்தம் பத்தவில்லை என்று 1 மி.மீ. வாஷர் வைத்தேன். ஸ்பானர் போட்டு கிராங்கைக் கையால் சுற்றினால் ஓர் இடத்தில் கனத்தது. கம்ப்ரஷன் என்று நினைத்துத் தம் பிடித்துத் தள்ளினேன். பிளக் மூன்றும் பெஞ்சில் கிடக்கின்றன, கம்ப்ரஷன் எங்கிருந்து வரும்? அது கூடத் தோன்றவில்லை. ஸ்பிரிங் சுற்றுகள் ஒட்டித்தான் கனத்திருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில் இரண்டாவது லேப்பிலேயே, கேமுக்கும் வால்வுக்கும் இடையிலுள்ள ராக்கர் ஆர்ம் உடைந்தது.

இரண்டாவது, 7000-க்கு அழுத்தம் போதுமா என்பது. கேமின் மூக்கை, அதாவது மேட்டின் உச்சியை, தாண்டும்போது வால்வு போன போக்கிலேயே போகப் பார்க்கும். அதை இழுத்து கேமோடு ஒட்ட வைப்பது ஸ்பிரிங்தான். அந்த விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறும். 6000-லிருந்து 7000-க்குப் போனால் 36 சதவீதம் கூடுதல். அதனால்தான் லிஃப்ட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதே 9.2-ஐக் கேம் எவ்வளவு அவசரமாகத் தூக்கி இறக்குகிறது என்பதும் சேர வேண்டும்.

1,40,000 ஓடிய ஸ்பிரிங் சோர்ந்திருக்கும். டிரில் பிரஸ்ஸின் மேடையில் வீட்டு எடை மெஷினை வைத்து, மேலே ஸ்பிரிங்கை நிறுத்தி, பிரஸ்ஸில் மாட்டிய உருண்டைக் கம்பியால், வால்வு மூடியிருக்கும்போதுள்ள உயரத்துக்கு அழுத்துங்கள். எத்தனை கிலோ என்று பதினாறையும் எழுதி வையுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் முகத்துக்குத்தான் வரும். ஹெட்டில் வால்வு உட்காரும் சீட்டை வெட்டியிருந்தால் வால்வு தண்டு மேலே ஏறி, ஸ்பிரிங் இன்னும் தளர்ந்திருக்கும். அதனால் உயரத்தைப் புத்தகத்தில் பார்க்காதீர்கள், உங்கள் ஹெட்டில் அளவெடுங்கள்.

ஆயில் சட்டி:
அண்ணன் சொன்னது சரி. பயந்துபோய் ரொம்ப முறுக்கான ஸ்பிரிங்கும் வாங்கிவிடாதீர்கள். ரீகிரைண்ட் கேமில் மேல் கடினப் படலம் ஏற்கெனவே சாணை பிடித்ததில் மெலிந்திருக்கும். அதிக அழுத்தத்தில் கேமின் மேடான லோபும் ராக்கர் முகமும் சேர்ந்து தேயும். எனக்கு ஒரு லோப் ஆறு மாதத்தில் மழுங்கிவிட்டது.

கோவை எஸ்டீம்காரன்:
நேற்று ராத்திரி பதினொரு மணி வரை அளந்தேன். மூடிய நிலையில் 31.4, முழுதாக அமுங்கினால் 22.1. ஆக இருக்கும் இடமே 9.3. புது கேம் போட்டால் மிச்சம் 0.1 மி.மீ., ஒரு தாள் கனம்தான்! எடையில் பதினொன்று 11 கிலோவை ஒட்டி நிற்கின்றன. மற்ற ஐந்தும் 9.5-க்குக் கீழே, அதில் நான்கு எக்ஸாஸ்ட் பக்கம்.

ஹெட் பட்டறை மணி:
அப்போ ஷிம் பேச்சே வேண்டாம். கேமைக் கொடுத்தவரிடம் இந்த இரண்டு எண்ணையும் காட்டி, 8.3-க்குள் லிஃப்ட் உள்ள வேறு கேம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை 9.2-தான் வேண்டுமென்றால், முழுதாக அமுங்கும்போது 21-க்குக் கீழே வரும் ஸ்பிரிங்காகத் தேடுங்கள். எதுவானாலும் பதினாறும் ஒரே செட். வால்வு பிஸ்டனில் இடிக்குமா என்று, பிஸ்டன் மேல் களிமண் வைத்து இடைவெளி பார்த்தீர்களா?

கோவை எஸ்டீம்காரன்:
இன்னும் இல்லை. பையனின் களிமண் டப்பாவைக் கேட்டிருக்கிறேன், பச்சையைத் தொடக் கூடாதாம்.