மியூனிக்கில் மாதம் 992 யூரோ போதுமா? படிக்க வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மியூனிக், முதுகலை கடைசி செமஸ்டர்

இந்த வருடம் ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பத் தயாராகும் தம்பி தங்கைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பிளாக்டு அக்கவுண்ட்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) போடுகிற பணம் போதுமா? என் கணக்கை எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் அனுபவத்தைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

விசாவுக்கு வருடம் 11,904 யூரோ காட்டச் சொல்கிறார்கள். 2024 செப்டம்பருக்கு முன்பு 11,208 ஆக இருந்தது. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 992. நாடு முழுக்க இதே தொகைதான். கெம்னிட்ஸில் 300 யூரோவுக்கு அறை எடுத்துத் தங்குகிறவருக்கும் 992, ஷேரிங் வீட்டில் ஒரு அறைக்கே 800 யூரோவை ஒட்டிக் கேட்கிற மியூனிக்கில் இருப்பவருக்கும் 992. அதனால் இதை விசாவுக்கான தொகை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் வாழ எவ்வளவு ஆகும் என்பதைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

ஆனால் மாதச் செலவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது முதல் இரண்டு மூன்று மாதங்கள். பிளாக்டு அக்கவுண்ட் பணம் மாதத் தவணையாகத்தான் வரும். அவசரம் என்று கெஞ்சினாலும் இரண்டு தவணையைச் சேர்த்துத் தர மாட்டார்கள். அந்த முதல் தவணை வரவே இங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். பல வங்கிகளில் கணக்கு திறக்க, நகர அலுவலகத்தில் செய்கிற முகவரிப் பதிவைக் கேட்பார்கள். முகவரிப் பதிவுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். வீடு கிடைத்தால்தானே கடிதம்! அதுவரைக்கும் விடுதி வாடகை, சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் ஊரிலிருந்து கொண்டு வந்த பணத்தில்தான் ஓட வேண்டும். குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். அதற்கு முன்னால் வந்து இறங்குகிற நாட்களில்தான் மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் நடக்கும். சாதாரண நாளில் 30, 40 யூரோவுக்குக் கிடைக்கிற பங்க் பெட்டின் விலை அந்த இரண்டு வாரத்தில் எங்கேயோ போய்விடும்.

வீடு கிடைத்ததும் அட்வான்ஸ். இங்கே அதை கௌட்சியோன் என்பார்கள். ஹீட்டிங், தண்ணீர் எல்லாம் சேர்க்காத வெறும் வாடகையை கோல்டு ரெண்ட் என்போம். அதில் மூன்று மாத வாடகை வரைக்கும் அட்வான்ஸ் கேட்கலாம், அதற்கு மேல் கேட்கக் கூடாது. பல பேருக்குத் தெரியாத இன்னொரு விஷயம், அந்தத் தொகையை மூன்று சம தவணையாகக் கட்ட வாடகைக்கு வருகிறவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. ஜெர்மன் சிவில் சட்டம் பிரிவு 551. முதல் தவணை குடிவரும்போது, மற்ற இரண்டும் அடுத்தடுத்த மாத வாடகையோடு.

என் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சமையலறை மேசையில் ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வரி வரியாக வாசித்துக் காட்டினார். அட்வான்ஸ் வரி வந்ததும் நான் போனில் அந்தச் சட்டப் பிரிவைக் காட்டி, "தவணையாகக் கட்டலாமா?" என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். "சட்டத்தில் இருக்கிறது, அப்புறம் என்ன கேள்வி" என்று சொல்லிவிட்டு ஒப்பந்தத்தின் ஓரத்தில் மூன்று தேதியையும் தொகையையும் பேனாவால் எழுதி, பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம் பிள்ளைகள் நிறையப் பேர் கேட்பதே இல்லை. மரியாதையாகக் கேளுங்கள்.

இப்போது என் மாதக் கணக்கு. எல்லாம் சேர்ந்த வாடகை 620. இது மியூனிக்கில் அதிர்ஷ்டம் என்றே சொல்வார்கள். ஹெல்த் இன்சூரன்ஸ் 145. பஸ், ரயில் டிக்கெட்டுக்கு 45-க்குள். நாடு முழுக்க உள்ளூர்ப் பஸ், ரயிலில் போகிற மாதப் பாஸான டாய்ச்லாண்ட் டிக்கெட்டின் முழு விலை 2026 ஜனவரியிலிருந்து 63, பவேரியாவில் மாணவர்களுக்குச் சலுகை விலை உண்டு. போனுக்கு 10. சாப்பாட்டுக்கு 180. வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36, நாங்கள் மூன்று பேர் என்பதால் என் பங்கு 6. கூட்டினால் 1,006. முடிவெட்டக்கூட இன்னும் போகவில்லை, 992 தாண்டிவிட்டது.

அந்த வானொலிக் கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிவியே இல்லை என்று அந்தக் கடிதத்தைக் குப்பையில் போடாதீர்கள். முகவரி பதிந்த தேதியிலிருந்து கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டில் வேறு யாராவது கட்டிக்கொண்டிருந்தால் அவருடைய எண்ணைப் பதிலாக அனுப்பினால் போதும்.

சாப்பாட்டில் என்னைக் காப்பாற்றுவது மென்சா, பல்கலைக்கழக உணவகம். மியூனிக்கில் பல பதார்த்தங்களுக்கு 100 கிராமுக்கு இவ்வளவு என்று விலை. தட்டை எடைமேடையில் வைத்தால்தான் தொகை தெரியும். சைவப் பதார்த்தம் பெரும்பாலும் மலிவு. குழம்பு கனக்கும், கீரையும் சாலடும் லேசு. மியூனிக்கை ஒட்டியிருக்கிற கார்ஷிங் மென்சாவில் நம் பிள்ளைகள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நொடி யோசிப்பதைத் தினமும் பார்க்கலாம். நானும் அப்படித்தான் பழகினேன். மதியம் மென்சா, இரவு வீட்டில் சோறும் பருப்பும் என்றால் மாதம் 180-க்குள் நிற்கும்.

மாணவர் விடுதிக்கு அட்மிஷன் கடிதம் வந்த அன்றே விண்ணப்பியுங்கள். வரிசை செமஸ்டர் கணக்கில் நீளும். அப்புறம், "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று ஏஜென்ட் சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம் என்று கேளுங்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து புதிதாக வருகிறவர்களிடம் முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது.

ஈரோடு, மாணவியின் தந்தை

தம்பி, நீங்கள் எழுதியதை மகளுக்கும் காட்டினேன். வருகிற செப்டம்பர் கடைசியில் அவள் மியூனிக் கிளம்புகிறாள். எங்கள் வீட்டிலிருந்து வெளிநாடு போகிற முதல் ஆள் அவள்தான்.

வங்கியில் கல்விக் கடன் பாஸ் ஆகிவிட்டது. பிளாக்டு அக்கவுண்ட் பணம் அதிலிருந்தே போகிறது. யூரோ 100 ரூபாயைத் தாண்டி நிற்பதால் அதுவே பன்னிரண்டு லட்சத்தை ஒட்டி வருகிறது. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து விசாவுக்குத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, விமான டிக்கெட் எல்லாம் கையிலிருந்து. ஒரு விஷயத்தில் நிம்மதி, கல்விக் கடன் பணத்தை அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கிற வரி) பிடிப்பதில்லை. சொந்தப் பணம் என்றால் வருடத்துக்கு 10 லட்சம் தாண்டிய தொகைக்குப் பிடிப்பார்கள். பிடித்ததை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று ஆடிட்டர் சொன்னார்.

முதல் மூன்று மாதத்துக்குத் தனியாக எவ்வளவு கொடுத்து அனுப்ப வேண்டும்? அதைக் கையில் கொடுப்பதா, கார்டில் போடுவதா? கடன் அதிகாரியிடம் கேட்டால் 992 போதும் என்கிறார். நீங்கள் அங்கே இருந்து பார்த்தவர், விவரமாகச் சொல்லுங்கள். அம்மாக்காரி ராத்திரி தூங்குவதே இல்லை.

ஸ்டுட்கார்ட், முதுகலை

வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு செலவை இங்கே யாரும் சொல்லவில்லை. ஹீட்டிங், தண்ணீர், குப்பை இவற்றுக்கு மாதாமாதம் நாம் கட்டுவது வெறும் முன்பணம். வருடம் முடிந்ததும் உண்மையான செலவைக் கணக்குப் பார்த்து, கூடுதலாக ஆகியிருந்தால் மீதியைக் கேட்பார்கள். நாங்கள் மூன்று பெண்கள் ஒரு வீட்டில் இருந்தோம். 2023-ஆம் வருடக் கணக்கு என்று ஒரு கடிதம் வந்தது. 480 யூரோ, பதினான்கு நாளுக்குள். வந்தது 2025 பிப்ரவரியில்!

மூன்று பேருக்கும் கை கால் ஓடவில்லை. அந்த மாதம் ஒருத்திக்கு செமஸ்டர் கட்டணமும் கட்ட வேண்டியிருந்தது. மாணவர் சேவை மையங்களில் இலவச சட்ட ஆலோசனை உண்டு என்று வகுப்பில் ஒரு பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். நேரம் வாங்கிக்கொண்டு போனோம். வக்கீல் அம்மா தொகையைப் பார்க்கவே இல்லை. முதலில் கடிதத்தின் தேதியைப் பார்த்தார், பிறகு எந்த வருடக் கணக்கு என்று பார்த்தார். "கணக்குக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்திருக்க வேண்டும். 2023 கணக்கென்றால் 2024 டிசம்பர் 31 கடைசி நாள். தாமதத்துக்கு வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்று அவர் காட்டினால் ஒழிய, இனிமேல் கேட்க முடியாது" என்றார். என்ன எழுத வேண்டும் என்று நான்கு வரி சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினோம். பதிவுத் தபாலில் அனுப்பினோம். வீட்டுக்காரரிடமிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது, அந்தத் தொகையைக் கேட்கவில்லை என்று.

கடிதம் சரியான நேரத்துக்கு வந்தாலும் பில்களைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எந்தக் கடிதம் வந்தாலும் உறையோடு தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். குளிர்காலத்தில் ஹீட்டரை முழுக்கத் திருகி வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாய்வாகத் திறந்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஐந்து நிமிடம் அகலத் திறந்துவிட்டு மூடிவிடுங்கள்.

ஆஹன்

மியூனிக் அண்ணா சொன்ன இன்சூரன்ஸில் ஒரு திருத்தம் மாதிரி இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த 145 என்பது அரசு காப்பீட்டின் மாணவர் கட்டணம், 30 வயது வரைக்கும்தான். வேலை பார்த்துவிட்டு 31, 32 வயதில் படிக்க வருகிற அண்ணன் அக்காக்கள் இதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். அதேபோல, மாதம் நூறு யூரோவாவது மிச்சம் என்று தொடக்கத்திலேயே தனியார் இன்சூரன்ஸ் எடுத்து அரசு காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், அந்தப் படிப்பு முடிகிற வரைக்கும் அரசு காப்பீட்டின் மாணவர் கட்டணத்துக்குத் திரும்ப முடியாது. சேர்க்கைக்கு முன்னால் யாராவது மலிவாகத் தருகிறேன் என்று வந்தால் நன்றாக யோசியுங்கள்.

வேலை விஷயம்: 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்யலாம். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரியிலிருந்து மணிக்கு 13.90 யூரோ. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஜெர்மன் தெரியாமல் முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பது கஷ்டம். அந்த வருமானத்தை முதல் ஆறு மாத பட்ஜெட்டில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

டோர்ட்முண்ட்

நான் ஜேர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்பா, அம்மா யாழ்ப்பாணம். எங்களுக்கு ஒரு சின்னத் தமிழ்க் கடை இருக்கிறது. மாணவப் பிள்ளைகள் கனபேர் வருவார்கள். மாதத் தொடக்கத்தில் உறைந்த பரோட்டா, பிஸ்கட், முறுக்கு என்று கூடை நிரம்பும். மாதக் கடைசியில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையை எடுப்பதும் வைப்பதுமாக நிற்பார்கள். பார்க்க மனது கஷ்டமாக இருக்கும். அம்மா அந்தக் கட்டைச் சும்மா பையில் போட்டுவிடுவா.

கடைக்காரர் வீட்டுப் பிள்ளையே சொல்கிறேன், எல்லாவற்றையும் எங்களிடம் வாங்க வேண்டாம். பால், தயிர், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் ஆல்டி, லிடில் கடைகளில் மலிவு. பருப்பு, கொத்தமல்லி, புதினா துருக்கிக் கடையில் நன்றாக இருக்கும். அரிசி, மிளகாய்த்தூள், புளி, உளுந்து எங்களிடம் பெரிய பையாக எடுத்து மூன்று நான்கு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டு. ரயில் நிலையக் கடைகளில் அன்றைக்கு எல்லாமே விலை கூட. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சதம் கிடைக்கும், எறிய வேண்டாம். வீட்டு ஞாபகம் வந்தால் ஹம் நகரத்தில் ஸ்ரீ காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, 2002-இல் கட்டிய பெரிய கோயில். திருவிழாவுக்கு வாருங்கள், அன்னதானமும் உண்டு.

மியூனிக், முதுகலை கடைசி செமஸ்டர்

ஈரோடு ஐயாவுக்கு. உங்கள் மகள் மியூனிக்குக்கே வருவதால் என் ஊர்க் கணக்கையே தருகிறேன். இரண்டு மூன்று வாரத் தற்காலிகத் தங்கலுக்கு 600. முதல் மாத வாடகை 650. அட்வான்ஸின் முதல் தவணை 500. இன்சூரன்ஸ் 145. செமஸ்டர் கட்டணம் 100. மெத்தை, போர்வை, பாத்திரம், குளிருக்கு ஒரு ஜாக்கெட் சேர்த்து 250. சாப்பாடும் போக்குவரத்தும் 250. இதுவே 2,500-ஐத் தொட்டுவிடும். அடுத்த இரண்டு மாதத்திலும் அட்வான்ஸ் தவணை 500, 500 போகும். அந்த மாதங்களில் 992-இல் மிச்சம் எதுவும் இருக்காது என்பதால் அதையும் சேர்த்து 3,500 யூரோ வையுங்கள். இதில் 1,500 அட்வான்ஸ். வீட்டை நல்லபடியாக ஒப்படைத்தால் கடைசியில் திரும்பி வரும். பல்கலைக்கழகக் கட்டணம் இருந்தால் அது வேறு.

500 யூரோ நோட்டாகக் கையில் கொடுங்கள், 50-க்கு மேல் பெரிய நோட்டு வேண்டாம். 1,500-ஐ ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டில் செலவழிக்க யூரோ போட்டுவைக்கிற கார்டு) போட்டுக் கொடுங்கள். மீதி 1,500-ஐ உங்கள் வங்கியிலேயே வையுங்கள். அவள் இங்கே கணக்கு திறந்ததும் நீங்கள் அனுப்பலாம். அட்வான்ஸை எப்படியும் வங்கி வழியாகத்தான் கேட்பார்கள், அதுதான் அவளுக்கும் பாதுகாப்பு. வீட்டை நேரில் பார்ப்பதற்கு முன்னால், சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்று யார் பணம் கேட்டாலும் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். உங்கள் வங்கிக் கிளையில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கானது), அவளுடைய அட்மிஷன் கடிதம், பாஸ்போர்ட் நகல் எல்லாவற்றையும் அவள் கிளம்புவதற்கு முன்பே கொடுத்துப் பேசி வைத்துவிட்டால், பணம் அனுப்ப வேண்டிய நாளில் அலைய வேண்டியிருக்காது. அம்மாவிடம் சொல்லுங்கள், விமான நிலையத்திலிருந்து அழைத்துவர இங்கே ஆள் இருக்கிறோம்.