புதுப்பிப்பு: 40-க்கு மேல் டிராக் படிக்காத 3.5 அங்குல ஃப்ளாப்பி டிரைவ் சரியாகிவிட்டது

என் டிரைவ் 40-க்கு மேற்பட்ட டிராக்குகளை (வட்டில் தரவு பதியும் வட்டப்பாதைகள்) படிக்கவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன்; யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. வட்டைப் படிக்கும் ஹெட்டை நகர்த்தும் திருகுத்தண்டில் கிரீஸ் இறுகியிருக்கும் என்று சொன்னதுதான் சரி. அந்த இறுக்கத்தில், தண்டைப் படிப்படியாகச் சுழற்றும் ஸ்டெப்பர் மோட்டார் திணறி, ஹெட் பாதி வழியில் படிகளைத் தவறவிட்டது. பழைய கிரீஸை 99% ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் முழுதும் துடைத்துவிட்டு, லித்தியம் கிரீஸ் மிக மெல்லியதாகத் தடவினேன். ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்தவே கூடாது. ஹெட்டின் சீரமைவு போய்விடும். வட்டைச் சுழற்றும் பெல்ட் மேல் எழுந்த சந்தேகம் இந்த டிரைவுக்குப் பொருந்தாது, இதில் வட்டை வேறொரு மோட்டாரே நேரடியாகச் சுழற்றுகிறது.

எதிர்பாராதது ஒன்று: அதன்பிறகும் ஒரு பக்கம் மட்டும் படிக்கவில்லை. சோதனைக்குப் போட்ட பழைய வட்டின் காந்தப்பூச்சு உரிந்து மேல் ஹெட்டில் அப்பியிருந்தது. ஸ்பிரிங் வளையாதபடி ஹெட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்ததும் 0 முதல் 79 வரை எல்லா டிராக்கும் இரு பக்கமும் பிழையின்றி வருகிறது. பூச்சு உரியும் வட்டை வேறு டிரைவில் போடாதீர்கள், அந்த ஹெட்டும் அழுக்காகும்.