பாதுகாப்பு அச்சத்தை மீறி பணக்கார நாடுகள் அகதிகளை ஏற்க வேண்டுமா?

வழிப்போக்கன்:
ஏற்க வேண்டும் என்பதுதான் என் நிலைப்பாடு. ஆனால் "அவர்களோடு தீவிரவாதியும் சேர்ந்து வந்துவிட்டால்?" என்று கேட்டால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிவதில்லை. 2015 பாரிஸ் தாக்குதலில் அப்படி வந்தவர்கள் இருந்தார்கள்தானே? சோதனை நிஜத்தில் எப்படி நடக்கிறது, எங்கே ஓட்டை விழுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கலங்கரை:
பாரிஸ் விஷயம் உண்மை. விளையாட்டரங்கத்துக்கு வெளியே குண்டை வெடிக்கச் செய்து செத்தவர்களில் இருவர், அதற்கு முந்தைய மாதம்தான் கிரீஸின் லெரோஸ் தீவில் போலி சிரியா பாஸ்போர்ட் காட்டிப் பதிவு செய்துகொண்டவர்கள். ஆனால் அவர்கள் தாங்களாகவே எல்லைக்கு வந்து சேர்ந்த வழி வேறு, நாடுகள் தாங்களே தேர்ந்தெடுத்து அழைத்துவரும் மீள்குடியேற்றம் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் விவாதம் நகர மாட்டேன் என்கிறது.

மீள்குடியேற்றத்தில் சோதனை விமானம் ஏறும் முன்பே நடந்து முடிந்துவிடும். அமெரிக்கா பல ஆண்டுகள் கடைப்பிடித்த முறையைப் பாருங்கள். பெரும்பாலான மனுக்களை ஐ.நா. அகதிகள் ஆணையம் பரிந்துரைக்கும். பெயர், மாற்றுப்பெயர், உறவுமுறை, வசித்த ஊர்கள் எல்லாம் சேர்த்து ஒரு கோப்பு தயாராகும். பெயர்களை உளவு அமைப்புகளின் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். கைரேகையை எஃப்.பி.ஐ., உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, ராணுவம் ஆகிய மூன்றின் தரவுத்தளத்திலும் தேடுவார்கள். பிறகு குடியேற்ற அதிகாரி நேரில் விசாரிப்பார். கணவன் சொன்ன தேதியும் மனைவி சொன்ன தேதியும் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். அதைத் தாண்டினால் மருத்துவப் பரிசோதனை, புறப்படும் முன் மறுபடியும் பெயர்ச் சோதனை. எல்லாம் முடிய சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு வருடம் ஆகும். எந்த நாட்டுக்கு அனுப்புவார்கள் என்பதும் மனுதாரர் கையில் இல்லை. நாசவேலைக்குத் திட்டம் போடுபவன் இந்த வரிசையில் வந்து நிற்பானா? 2001 செப்டம்பர் 11 விமானக் கடத்தல்காரர்கள் 19 பேரும் விசா வாங்கிக்கொண்டு வந்தவர்கள். அதில் ஒருவர்கூட அகதி இல்லை.

ஆணிவேர்:
அந்த முறையிலும் ஓட்டை விழுந்திருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2009-ல் அகதிகளாக அமெரிக்கா போன இரண்டு ஈராக்கியர்களை 2011-ல் கென்டக்கியில் கைது செய்தார்கள். 2005-ல் ஈராக்கில் வெடிக்காமல் கிடைத்த குண்டோடு இணைத்திருந்த கம்பியில்லாத் தொலைபேசியின் அடிப்பாகத்தில் ஒருவருடைய கைரேகை இருந்தது. அந்தப் பாகம் அமெரிக்க ஆய்வகத்தின் கையில்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்த ரேகையை எடுத்துத் தரவுத்தளத்தில் ஏற்றவில்லை. அதனால் சோதனையில் "பொருத்தம் இல்லை" என்றுதான் வந்தது. அந்த பதிலுக்கு அர்த்தம் "குற்றமற்றவர்" என்பதல்ல, "நம்மிடம் பதிவு இல்லை" என்பது மட்டும்தான்.

அதன்பின் ஈராக்கியர்கள் எல்லோருக்கும் மறுசோதனை என்று அறிவித்தார்கள். இங்கே இன்னொரு சிக்கல்: மருத்துவச் சான்று, கைரேகை அனுமதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி காலாவதி. ஒன்றுக்காகக் காத்திருக்கும்போதே மற்றொன்று காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. குடும்பத்தில் ஒருவருக்கு இப்படி ஆனாலும் மொத்தக் குடும்பமும் தேங்கிவிடும். அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை செய்து, அதனாலேயே உயிருக்கு ஆபத்தில் இருந்தவர்களும் இதில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இதுதான் மன்னிக்க முடியாததாகப் படுகிறது.

வழிப்போக்கன்:
சரி, தாங்களாகவே எல்லை வந்து தஞ்சம் கேட்பவர்கள்?

கலங்கரை:
கடினமான பகுதி அதுதான். 2016 டிசம்பரில் பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தையில் லாரி ஏற்றிக் கொன்ற துனிசியரின் தஞ்ச மனு அந்த ஆண்டு ஜூன் மாதமே நிராகரிக்கப்பட்டுவிட்டது. அவர் பத்துக்கும் மேற்பட்ட அடையாளங்களில் திரிந்திருக்கிறார். திருப்பி அனுப்பவும் முடியவில்லை, துனிசியா பயண ஆவணம் தரவில்லை. அது வந்து சேர்ந்தது தாக்குதலுக்கு இரண்டு நாள் கழித்து. ஆக, அங்கே தோற்றது தஞ்சம் தரும் முடிவு அல்ல, அதற்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலை. எந்த அலுவலகத்தில் பதிந்தாலும் முதல் நாளே கைரேகை ஒரே மையத் தளத்துக்குப் போக வேண்டும். மனு நிராகரிக்கப்பட்டால் சொந்த நாடு திரும்ப ஏற்கும்படி ஒப்பந்தமும் கையில் இருக்க வேண்டும்.

விசாரணையின் தரமும் முக்கியம். ஜெர்மன் ராணுவ அதிகாரி ஒருவரே சிரியா அகதி என்று சொல்லிப் பதிந்து, சிரியர்கள் பேசும் அரபியில் அல்லாமல் பிரெஞ்சில் நேர்காணல் கொடுத்து, தற்காலிகப் பாதுகாப்பும் வாங்கிவிட்டார். 2017-ல்தான் பிடிபட்டார். அந்தந்த வட்டார வழக்கு தெரிந்த மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருந்திருந்தால் சில நிமிடங்களில் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

ஆணிவேர்:
"சட்டம் நம் கையைக் கட்டிவிட்டது" என்பவர்களுக்கு: 1951 அகதிகள் உடன்படிக்கை போர்க்குற்றம் செய்தவர்களுக்கு அகதி அந்தஸ்தே தருவதில்லை. ஆபத்தான இடத்துக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று சொல்லும் அதே 33-வது பிரிவு, நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலாக இருப்பவருக்கு விலக்கும் வைத்திருக்கிறது. தனி ஆளைத் தடுக்க அந்தச் சட்டமே போதும். ஒரு தேசத்தவர் எல்லோருக்கும் கதவடைக்க அதில் இடமில்லை. இன்னொன்று, உலக அகதிகளில் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கே மீள்குடியேற்றம் கிடைக்கிறது. அச்சத்தின் பெயரில் நாடுகள் முதலில் வெட்டுவது இந்த ஒதுக்கீட்டைத்தான். அப்படி வெட்டும்போது முன்கூட்டியே சோதிக்கக்கூடியவர்களின் வரிசை சுருங்குகிறது, ஆள்கடத்துபவனுக்குப் பணம் கொடுத்துப் படகேறுபவர்கள் கூடுகிறார்கள்.